பட்டியின்கீழே துரு



தஞ்சை வயல்களில் நெல்மூட்டை சுமந்த பழைய மஹிந்திரா பிக்கப் வண்டி ஒன்றை நம் சபையின் மூப்பர் ஒருவர் தம் வீட்டுக் கொட்டகையில் புதுப்பித்து வருகிறார். வில்லிஸ் ஜீப்போடு 1947இல் வாகனத் தொழிலில் இறங்கிய நிறுவனத்தின் வண்டி.

வெளியே பளபளப்புக்குக் குறைவில்லை. உப்புத்தாளால் தேய்த்தபோதுதான் வர்ணத்தின்கீழே முன்பு யாரோ பூசிய பட்டி தெரிந்தது, அதன்கீழே துரு. வயற்சேறு அடிச்சட்டத்தின் இடுக்குகளில் தங்கி, காயாத ஈரத்தால் இரும்பைத் தின்றிருந்தது. (வேதாரண்யம் உப்பளத்துக்கும் போய்வந்த வண்டியாயின் கேட்கவே வேண்டாம்!) பட்டி துருவை மறைக்கும், நிறுத்தாது. ஆகவே நல்ல இரும்பு தென்படும்வரை அரித்த தகட்டை வெட்டியெறிந்து, புதுத்தகடு வைத்துப் பற்றவைக்கிறார்.

எசேக்கியேல் 13ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். விழப்போகும் சுவருக்குப் பூச்சு பூசியவர்களைத் தேவன் கடிந்துகொள்ளுகிறார். வரப்புத் தகராறில் உடன்பிறந்தவனோடு பத்தாண்டு பேசாதிருந்தும், திருவிருந்தில் அவனருகே முழந்தாளிடுகிறவர்கள் நம்மிடையே உண்டு. கேட்டால், "அதெல்லாம் மறந்துவிட்டேன் ஐயா" என்பார்கள். அது மன்னிப்பு என்று நான் எண்ணவில்லை, பட்டிதான்.

வெட்டுக்கு நீங்கள் அஞ்சுவது எனக்குத் தெரியும். தகடுகள் எத்தனை மாறினாலும் அடிச்சட்டத்தில் பொறித்த எண் மாறுவதில்லை, ஆர்.சி. புத்தகத்தின்படி அது அதே வண்டிதான். அந்த எண் உள்ள இடத்தை மட்டும் மூப்பர் அரத்தால் தொடுவதில்லை, துணியால் துடைக்கிறார்.

வரும் ஞாயிறு திருவிருந்து. சனிக்கிழமை மாலைக்குள் உங்கள் அண்ணன் வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.