டன்கேர்க் பட்டினத்துக் கொழுத்த செவ்வாய்

வட பிரான்ஸின் கடலோரத்திலே, பெல்ஜிய எல்லைக்கு அணித்தாக அமைந்தது டன்கேர்க் துறைமுகப் பட்டினம். 1940ஆம் ஆண்டிலே மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட நேச நாட்டுப் போர்வீரர் கடல்வழியே மீட்கப்பட்ட இடம் என்றே உலகம் அதனை அறியும். ஆயின், நாம் அங்கு சென்றது குளிர்கால இறுதியில் அவ்வூரார் எடுக்கும் ‘மார்தி கிரா’ விழாவைக் காண்பதற்கே.

‘மார்தி’ என்றால் செவ்வாய். ‘கிரா’ என்றால் கொழுத்தது. கத்தோலிக்கரின் தபசுகாலம் விபூதிப் புதனன்று தொடங்கும். அதற்கு முந்திய நாளே இக்கொழுத்த செவ்வாய். முற்காலத்தில் தபசு நாட்களில் இறைச்சி மட்டுமன்றி முட்டையும் வெண்ணெயும் விலக்கப்பட்டிருந்தன. ஆதலால் வீட்டில் எஞ்சியவற்றை அப்பமாகவும் பணியாரமாகவும் சுட்டு அன்றே உண்டு தீர்த்தனர். ‘கார்னிவல்’ என்னும் சொல்லும் இறைச்சியை நீக்குதல் என்னும் பொருளுடைய தொடரிலிருந்து பிறந்ததே என்பர் சொல்லாராய்ச்சியாளர். பண்டை உரோமரின் விழாக்களை இதற்கு வேராகக் கொள்வாரும் உளர்.

டன்கேர்க்கில் இவ்விழாவுக்கு மற்றொரு காரணமும் உண்டு. நோன்பு நாட்களில் மீன் விலக்கன்று. ஆகவே உப்பிட்ட கொட் மீனுக்குக் கிராக்கி மிகுந்திருந்தது. அம்மீனைத் தேடி இவ்வூர் மீனவர் பாய்க்கப்பலேறி ஐஸ்லாந்துக் கடலுக்குச் செல்வர். சென்றால் ஏறக்குறைய ஆறு மாதம். மூடுபனியும் புயலும் விழுங்கிய கப்பல்கள் பல. புறப்படுமுன் கப்பலுடையோர் அவர்களுக்கு விருந்தளித்து, கூலியில் ஒரு பகுதியை முன்பணமாகக் கொடுப்பர். அவ்விருந்தும் மார்தி கிராவும் காலப்போக்கில் ஒன்றாயின. ‘மீனவர் கூட்டம்’ என்று பொருள்படும் பழைய பிளெமிஷ் மொழிப் பெயராலேயே ஊர்வலம் இன்றும் அழைக்கப்படுகின்றது.

செவ்வாய்க்கு முந்திய ஞாயிறன்று நாம் அக்கூட்டத்தினுள் அகப்பட்டோம். முகத்திலே சாயம் பூசி, பெண்ணுடை தரித்த ஆடவர், நீண்ட கோல்களிலே வண்ணக் குடைகளை உயர்த்தித் தோளோடு தோள் சேர்த்து நடந்தனர். மஞ்சள் மழையங்கி அணிந்த வாத்தியக்காரர் பறையும் குழலும் முழக்கினர். நகர மண்டப மாடத்திலிருந்து நகரபிதா, புகையூட்டிய ஹெரிங் மீன்களை அள்ளி வீசினார். நமது சூடைக்கு உறவான மீன் அது. ஒன்று எம் கைக்கும் எட்டியது.

மாலையிலே, இவ்வூரிற் பிறந்த 17ஆம் நூற்றாண்டுக் கடல்வீரர் ஜான் பாரின் சிலையருகே சென்றோம். 1845இல் நிறுவப்பட்ட அச்சிலை, நகரின் பெரும்பகுதி குண்டுகளால் அழிந்தபோதும் வீழாது நின்றது. அவரைப் போற்றும் பாடல் எழுந்ததும், அதுவரை துள்ளிய கூட்டம் முழங்காலிட்டது. எம் பக்கத்தே நின்ற மூதாட்டி ஒருவர், “என் பாட்டனாரின் தந்தையார் இவ்விதம் ஆடிவிட்டுப் போனவர், திரும்பவில்லை” என்றார். சொல்லிவிட்டு மீண்டும் பாடலிற் கலந்தார்.

நோன்புக்கு முன் வயிறார உண்ணும் கேளிக்கை என்றெண்ணியே நாம் வந்திருந்தோம். பிரியப்போகின்றவர்கள் அழுகையை அடக்கிச் சிரித்த சிரிப்பு அது என்பதை அவ்வேளையிலேதான் உணர்ந்தோம். எம் கைக்கு வந்த மீனை அம்மூதாட்டியிடமே கொடுத்து விடைபெற்றோம்.