ஏழாவது கேள்வி

கட்டின் முதல் சான்றாவணம் ஒரு மருந்துச் சீட்டு. பிரஷர் மாத்திரை, இரத்தம் உறையாமலிருக்க க்ளோபிடோக்ரல், அதற்கும் கீழே கோணலாக ஒரு வரி: ‘தடுப்பூசி – பிறகு பார்க்கலாம்.’ மார்ச் 2021 தேதி போட்டிருந்தது. சீட்டுக்குரியவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், 67 வயது, இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர். மே மாதம் கொரோனா இரண்டாம் அலையில் இறந்துபோனார். மகன் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 10 லட்சம் கேட்டுப் புகார் கொடுத்தார். டாக்டருக்கு நான் வக்காலத்து.

அரசு மருத்துவமனையில் காசில்லாமல் கேட்ட ஆலோசனை என்றால் புகாரே நின்றிருக்காது. சாந்தா வழக்கில் 1995-லேயே உச்ச நீதிமன்றம் அதைத் தீர்த்துவிட்டது. இவர் 150 ரூபாய் வாங்கியிருந்தார்.

இருந்தாலும் என் பக்கம் பலமாகத்தான் இருந்தது. 2021 ஜனவரி 3-ல் கோவாக்சினுக்கு அனுமதி கொடுத்தபோதே ‘மருத்துவப் பரிசோதனை முறையில்’ என்று ஒரு வால் ஒட்டித்தான் கொடுத்தார்கள். போட்டுக்கொள்பவர் அப்போது தனியாகச் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. அந்த மாதமே அதைத் தயாரித்த நிறுவனம் வெளியிட்ட தகவல் தாள், இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்கள் போட்டுக்கொள்ள வேண்டாம் என்றது. அதை பி-3 என்று குறியிட்டேன். கோவிஷீல்டு போட்டிருக்கலாமே என்று புகார்தாரர் வக்கீல் மடக்கினார். நியாயமான மடக்குதான். நான் ஜேக்கப் மேத்யூ தீர்ப்பை (2005) எடுத்து வைத்தேன்: பொறுப்புள்ள மருத்துவர்களில் ஒரு சாரார் அப்படிச் செய்வார்கள் என்றால் அது கவனக்குறைவு ஆகாது. அந்த மார்ச்சில் தயங்கிய டாக்டர்களுக்கா பஞ்சம்?

நுகர்வோர் ஆணையத்தில் கூண்டேற்றிக் குறுக்கு விசாரணை செய்வது அபூர்வம். கேள்விகளை எழுதிக் கொடுப்பார்கள். பதிலையும் எழுதித் தாக்கல் செய்வோம். ஏழாவது கேள்வி: ‘தாங்கள் முதல் தவணை எப்போது போட்டுக்கொண்டீர்கள்?’

‘புகாருக்குத் தொடர்பற்றது’ என்று வரைவு தயாரித்து வைத்திருந்தேன். சாயங்காலம் ஆபீசுக்கு வந்த டாக்டர், சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தார்.

“பிப்ரவரி 9-னு எழுதுங்க வக்கீல் சார்.”

“அவர் உங்ககிட்டக் கேட்டாரா?”

“கேட்டார். சிரிச்சுக்கிட்டே பிரஷர் பட்டையைக் கட்டினேன்.” கொஞ்ச நேரம் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். “நான் போட்டுக்கிட்டேன்னு சொன்னா அவரும் போட்டுக்குவார் சார். போட்டு ஏதாவது ஆச்சுன்னா ஊரே என் பேரைச் சொல்லும். போடாம கொரோனா வந்தா கொரோனாவைத்தான் சொல்லும்.”

தீர்ப்புத் தொகுப்புகளில் இப்படி ஒரு காரணத்தை நான் படித்ததில்லை. ஆனால் அந்த வருடம் எனக்குத் தெரிந்த பல டாக்டர்களின் வாயை அடைத்தது இதுதான். ஏப்ரல் 15-ல் நடிகர் விவேக் தடுப்பூசி போட்டுக்கொண்டு 17-ல் மாரடைப்பால் இறந்தபோது, இரண்டுக்கும் தொடர்பில்லை என்று அரசு சொல்லியும் ஊர்வாய் அடங்கவில்லையே. தகவல் தாள் பற்றி டாக்டரிடம் அன்று கேட்டேன். அதை அவர் படித்ததே நான் பி-3 ஆகக் காட்டிய பிறகுதான்.

புகார்தாரர் தரப்பு கடைசியில் சமீரா கோலி தீர்ப்பை (2008) நம்பியது. முடிவெடுக்கப் போதுமான தகவலை நோயாளிக்குச் சொல்லியாக வேண்டும் என்பது அது. செய்த சிகிச்சைக்கான சம்மதம் பற்றிய தீர்ப்பு அது, போடாத ஊசிக்குப் பொருந்தாது என்று வாதாடினேன். ஆணையம் ஏற்றது. எனக்கே அந்த வாதம் முழுசாக ஒட்டவில்லை என்பதை இங்கே சொல்லிவிடலாம்.

புகார் தள்ளுபடியான அன்று மகன் வராந்தாவில் என்னிடம் வந்தார். சண்டைக்கு வருகிறார் என்று நினைத்து, கட்டை ஜூனியரிடம் கொடுத்துவிட்டு நின்றேன்.

“பிப்ரவரி 9-னு எழுதியிருக்கீங்களே, அது நிஜமா சார்?”

“ஆமாம்.”

“அப்பா அன்னைக்கு வீட்டுக்கு வந்து, ‘டாக்டரே போட்டுக்கல போலடா, கேட்டா சிரிக்கிறாரு’ன்னு சொன்னாரு.”