ஐந்து சுரமும் ஒரு ஜி ஷார்ப்பும்

பாரியூர் கொண்டத்துக் காளியம்மன் நோம்பியோ, கோபி மண்டபத்தில் ஒரு கல்யாண வரவேற்போ, மெல்லிசை மேடையில் லீடு கிதார்காரனுக்குச் சொந்தமாக வாசிக்கக் கிடைக்கிற நேரம் குறைவுதான். இடையிசையை ரெக்கார்டில் உள்ளபடியே வாசிக்க வேண்டும். ஒரு சுரம் பிசகினாலும் முன்வரிசைப் பெரியவர் ஒருவர் நிமிர்ந்து பார்ப்பார். படப்பிடிப்பு பார்த்தே வளர்ந்த ஊர் இது. இளையராஜா பாட்டை வயலின் துணுக்கோடு சேர்த்து மனப்பாடம் செய்தவர்கள். அறிவிப்பாளர் பேச்சு நீளும்போதும், அடுத்த பாடகர் மைக்குக்கு வந்து சேராதபோதும், ஆட்டப் பாட்டுக்குக் கூட்டம் இன்னொரு சுற்று கேட்கும்போதும்தான் கீபோர்டுக்காரர் கண் காட்டுவார்: "ஏ மைனர்ல ஓட்டுங்ணா."

அந்த நேரத்தில் கை தானாகப் போய் நிற்கும் இடம் ஐந்தாம் ஃப்ரெட். ஏ, சி, டி, ஈ, ஜி என்று ஐந்து சுரங்கள். கிதார் எடுத்த எல்லோரும் முதலில் படிக்கிற பென்டடானிக் கட்டம் இதுதான். நம் காதுக்கு இது சுத்த தன்யாசி. இதே ஐந்தில் சி-யைச் சட்ஜமாக வைத்தால் மோகனம், டி-யை வைத்தால் மத்தியமாவதி, ஈ-யில் ஹிந்தோளம், ஜி-யில் சுத்த சாவேரி. கிரக பேதம் தெரிந்த நாதசுரக்காரருக்கு இதில் புதுமை எதுவும் இல்லை. கிதார்காரனுக்கு மட்டும் ஒரே விரல் கட்டம் ஐந்து ராகமாக மாறுவதைப் பார்க்கும்போது கொஞ்சம் தலை சுற்றும்.

ஐந்து சுரத்துக்குள் அரைச்சுர இடைவெளி எங்கும் கிடையாது. அதனால் எதை எதோடு சேர்த்தாலும் பெரிதாக உறுத்தாது. என்னிடம் படிக்க வருகிற பையன்கள் இந்தக் கட்டத்தை வேகமாகப் பிடித்துக்கொள்கிறார்கள், என்னைவிட வேகமாகவும் ஓட்டுகிறார்கள். அதில் ஒரு பையன் கேட்டான்: "ஏனுங்ணா, தப்பு சுரமே வரல. அப்புறம் ஏன் நல்லாவே இல்ல?"

"பின்னால கார்டு மாறுனது உனக்குத் தெரியவே இல்லையே கண்ணு" என்றேன்.

பிறகு ரிதம் கிதாரை நான் எடுத்துக்கொண்டு ஏ மைனர், ஜி, எஃப், ஈ மேஜர் என்று இறங்கினேன். மெல்லிசை மேடையில் அடிக்கடி வருகிற நடை இது. ஒவ்வொரு கார்டிலும் மூன்றாம் சுரத்தை மட்டும், மாறும் தட்டில் ஒரு முறை வாசி, வேறெதுவும் தொடாதே என்றேன். ஏ மைனருக்குச் சி, ஜி-க்கு பி, எஃப்-க்கு ஏ, ஈ-க்கு ஜி ஷார்ப். மூன்றாம் கம்பியிலேயே ஐந்து, நான்கு, இரண்டு, ஒன்று என்று ஃப்ரெட்டில் இறங்கி வந்தால் போதும். நான்கே சுரம்தான். ஆனால் ரிதம் கிதாரை நிறுத்திவிட்டு அந்த நான்கை மட்டும் வாசிக்கச் சொன்னால், கார்டுகள் காதுக்குள் தானாகக் கேட்கும். ஒரு கார்டு சிரிக்கிறதா அழுகிறதா என்பதை மூன்றாம் சுரம்தான் தீர்மானிக்கிறது. மேஜரும் மைனரும் பிரிவதே அங்கேதான்.

இந்த நான்கில் சி-யும் ஏ-யும் மட்டும்தான் ஐந்தாம் ஃப்ரெட் கட்டத்துக்குள் இருக்கின்றன. பி-யும் ஜி ஷார்ப்பும் அதற்கு வெளியே. பாட்டு எங்கே போகிறது என்று சொல்லும் சுரங்களில் பாதி, நாம் பத்திரமாக ஓடி விளையாடும் ஐந்துக்குள் இல்லை. கட்டத்துக்குள்ளேயே சுற்றினால் தப்பு வராமல் இருப்பதற்கும், எதுவும் சொல்லாமல் போவதற்கும் காரணம் இதுதான்.

ஈ மேஜரில் இது அப்பட்டமாகத் தெரியும். கட்டத்தில் இருக்கிற ஜி, கார்டில் இருக்கிற ஜி ஷார்ப்போடு நேராக மோதும். ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் 1967-ல் 'பர்ப்பிள் ஹேஸ்' பாட்டில் இந்த உரசலையே கார்டாக்கி ஜெயித்தார். அது ஹெண்ட்ரிக்ஸ். சோகப் பாட்டின் சரணம் முடிகிற இடத்தில் அதைச் செய்தால் பாடகர் திரும்பிப் பார்ப்பார். அங்கே நான் செய்வது சின்ன வேலை. நான்காம் கம்பியில் ஐந்தாம் ஃப்ரெட் ஜி-யில் இருக்கும் விரலை, கார்டு மாறும் தட்டில் ஆறாம் ஃப்ரெட்டுக்குத் தேய்த்துவிட்டு, அடுத்த ஏ மைனர் வரும்போது ஏழில் ஏ-யாக உட்கார வைப்பது. ஏ சட்ஜமாக இருக்கும்போது ஜி கைசிகி நிஷாதம், ஜி ஷார்ப் காகலி நிஷாதம். சுத்த தன்யாசியாகப் போய்க்கொண்டிருந்த வாசிப்பு ஒரே ஒரு கார்டுக்கு மட்டும் கீரவாணிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வருகிறது.

சுரம் தெரிந்தால் மட்டும் ஆகாது, நேரம் வேண்டும். தடப்பள்ளி வாய்க்காலில் முறைத் தண்ணீர் வரும்போது மண்வெட்டியோடு மடையில் நிற்க வேண்டும், தண்ணீர் வந்த பிறகு வீட்டிலிருந்து கிளம்பினால் பயிருக்குப் பாயாது. கார்டு மாற்றமும் அப்படித்தான். மாறும் தட்டுக்கு முந்தின அரைத் தட்டிலேயே விரல் அந்தச் சுரத்தின் பக்கத்து வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். நடுவில் எந்தச் சுரத்தில் ஓடினாலும் காது மன்னித்துவிடும். இறங்குகிற இடத்தைத்தான் அது குறித்துவைத்துக்கொள்கிறது.

இதற்கு நான் பையன்களுக்குக் கேட்கக் கொடுப்பது இரண்டு. ஒன்று, ஈகிள்ஸ் குழுவின் 'ஹோட்டல் கலிஃபோர்னியா'. 1976-ல் வந்த ஆல்பம். கடைசியில் டான் ஃபெல்டரும் ஜோ வால்ஷும் சேர்ந்து வாசிக்கிற பகுதி முழுக்க முழுக்கக் கார்டின் சுரங்கள்தான். கார்டை உடைத்து இரண்டு கிதாரில் அடுக்கியிருக்கிறார்கள். பி மைனரில் போகிற அந்தப் பாட்டில் எஃப் ஷார்ப் மேஜர் வரும்போது ஏ, ஏ ஷார்ப் ஆகிறது. நம் ஜி ஷார்ப் கதையேதான், கட்டை மட்டும் வேறு. இன்னொன்று 1982-ல் வந்த 'பயணங்கள் முடிவதில்லை' படத்தின் 'இளைய நிலா'. அந்தக் கிதார் சந்திரசேகர் வாசித்தது. அது சோலோ இல்லை, கார்டைப் பிரித்து மீட்டுவதுதான். ஆனாலும் கார்டின் சுரங்கள் தனித்தனியாக நின்றாலே மெட்டாகிவிடும் என்பதற்கு அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. சோலோ வாசிக்க ஆசைப்படுகிறவன் அதை முதலில் நிதானமாக மீட்டிப் பழகட்டும் என்பது என் பிடிவாதம். பையன்களுக்கு இதில் என்மேல் கோபம் உண்டு.

ராகத்தில் அமைந்த பாட்டு வந்தால் கணக்கு தலைகீழாகிறது. அங்கே கார்டு பின்னால் வந்து சேர்ந்த விருந்தாளி. மோகனத்தின் ஐந்து சுரத்தை மட்டும் வைத்து முழு மேஜர், மைனர் கார்டு கட்டினால் சி-யும் ஏ மைனரும் தவிர மூன்றாவது கிடைக்காது. 'அக்னி நட்சத்திரம்' படத்து 'நின்னுக்கோரி' போகும்போது கீபோர்டுக்காரர் பழக்கத்தில் எஃப் போட்டார் என்றால், அந்தக் கார்டின் மூன்று சுரத்தில் எஃப் மட்டும் ராகத்துக்கு வெளியே. அப்போது எஃப் கார்டு ஆயிற்றே என்று எஃப்-ஐப் போய்த் தொட மாட்டேன். ஏ-யில் நிற்பேன். அது கார்டுக்கு மூன்றாம் சுரம், மோகனத்துக்குத் தைவதம். இரண்டு பக்கமும் சொந்தம்.

ஹிந்தோளம் இன்னும் வம்பு. அதில் பஞ்சமமே கிடையாது. ஏ சட்ஜமாக எடுத்தால் ஏ, சி, டி, எஃப், ஜி. சட்ஜத்தின் மேல் ஏ மைனர் போட்டால் அதற்குள் ஈ இருக்கிறது, பஞ்சமம் உள்ளே வந்துவிட்டது. ராகத்துக்குள் முழுசாக அடங்குகிற மேஜர், மைனர் கார்டு எஃப்-உம் டி மைனரும்தான். அதனால் 'தர்ம பத்தினி' படத்து 'நான் தேடும் செவ்வந்திப்பூவிது' பட்டியலில் இருந்தால் மேடை ஏறும் முன்பே பேஸ்காரரை ஓரமாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடுவேன்: "சட்ஜத்துல நில்லுங்க, ஐந்தாவது சுரத்துக்குப் போயிடாதீங்க. மேலே எஃப் நான் பாத்துக்கறேன்." பேஸ் வாசிக்கிற கை பழக்கத்தில் சட்ஜம், பஞ்சமம் என்றுதான் ஆடும். பாதிப் பாட்டில் அது மறந்து போய் ஈ-யைத் தட்டும். அந்த நேரம் நான் சி-யில் நின்றால் ஏ மைனர் முழுசாகிவிடும். டி-க்கு ஏறிக் கம்பியை மெல்ல அசைத்துக்கொண்டே, அவர் திரும்பி வருகிற வரைக்கும் அங்கேயே இருப்பேன்.