எம்.டி.பி. அண்ணன்

கணியூரில் அவருடைய சொந்தப் பேரைச் சொல்லி விசாரித்தால் நாலு பேர் யோசிப்பார்கள். ‘எம்.டி.பி. அண்ணன் கடை எங்கீங்க?’ என்று கேட்டால் பள்ளிக்கூடப் பையன்கூடக் கையைக் காட்டிவிடுவான்.

எட்டுக்குப் பத்து அளவில் ஒரு சைக்கிள் கடை. வாசலில் காற்றடிக்கும் பம்ப்பு, பஞ்சர் பார்க்கும் தண்ணீர்த் தொட்டி. உள்ளே உத்தரத்தில் கயிறு கட்டித் தொங்குகிறது, ஒரு பழைய ஹெர்குலிஸ் எம்.டி.பி. சைக்கிள். பேர் வந்தது அதனால்தான்.

தொண்ணூறுகளில் திருப்பூர் பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்டு பார்த்துச் சேர்த்த காசில் வாங்கியது. நேரான ஹேண்டில்பார், பட்டை டயர். தெருவே திரண்டு வந்து பார்த்தது. எம்.டி.பி. என்றால் மலையில் ஓட்டுகிற சைக்கிள் என்பது அப்போது அவருக்கே தெரியாது. கணியூரில் நின்று தெற்கே பார்த்தால் மலை தெரியும். ஆனால், அந்தச் சைக்கிள் ஒருநாளும் மலை ஏறியதில்லை. அது ஜெயித்த ஒரே பந்தயம், ராஜவாய்க்கால் கரையில் நடந்தது.

அமராவதி ஆற்றிலிருந்து வயல்களுக்குத் தண்ணீர் கொண்டுவரும் பழைய வாய்க்கால் அது. பொங்கல் நோம்பிக்கு இளவட்டங்கள் சேர்ந்து கரைமேல் சைக்கிள் பந்தயம் விடுவார்கள். வண்டித்தடம், சேறு, கல், நடுவில் ஒரு மதகு. மதகைச் சுற்றித் திரும்பி வரவேண்டும். 1995 பொங்கலுக்கு அந்த மதகடியில் அவர் சறுக்கி விழுந்தார். எழுந்து, முழங்கையில் ரத்தம் வழிய மிதித்து, அரைச் சக்கர வித்தியாசத்தில் முதலில் வந்தார். பரிசு ஒரு எவர்சில்வர் குடம். அவர் வீட்டில் அது இன்னும் தண்ணீர் எடுக்கப் பயன்படுகிறது.

அதன் பிறகு நாலைந்து வருஷம் பந்தயம் நடந்தது. பிறகு நடக்கவில்லை. யாரும் தடுக்கவில்லை, சண்டை சச்சரவும் இல்லை. ஒரு வருஷம் ஏற்பாடு செய்ய ஆளில்லை. அடுத்த வருஷம் ‘போன வருஷமே விடலையே’ என்றார்கள். அவ்வளவுதான்.

பையன்கள் மோட்டார் பைக்குக்கு மாறினார்கள் என்று அவர் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தார். ஆனால், அந்தக் கணக்கு முழுசாக உதைத்தது. பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசாங்கம் விலையில்லா சைக்கிள் கொடுக்கிறது. ஊரில் சைக்கிளுக்குப் பஞ்சமில்லை. உடுமலை வட்டாரத்தில் ரேக்ளா விட்டால் இன்றைக்கும் சனம் அலைமோதுகிறது. மாட்டைப் பார்க்க வருகிற கூட்டம், மனுஷன் மிதிப்பதைப் பார்க்க ஏன் வரவில்லை?

இந்தக் கேள்வியை அவருக்குள் மறுபடி கிளறிவிட்டது, ஒரு விடிகாலைப் பஞ்சர்.

கடையைத் திறக்கும் நேரத்துக்கு, தலையில் ஹெல்மெட்டும் முதுகில் பளபளக்கும் சட்டையுமாக ஒரு தம்பி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். கோவையிலிருந்து ராத்திரியே கிளம்பியவர். டயரின் பக்கவாட்டில் கிழிசல். அண்ணன் பழைய டயரில் ஒரு துண்டு வெட்டி உள்ளே வைத்து, டியூபுக்கு ஒட்டுப் போட்டார்.

“பந்தயமுங்களா தம்பி?”

“இல்லீங்ண்ணா. இதுக்குப் பேர் பிரெவே. 200 கிலோமீட்டரைப் பதிமூன்றரை மணி நேரத்துக்குள்ள முடிக்கோணும். 300, 400, 600 கிலோமீட்டர்கூட இருக்குதுங்க.”

“சரி, யாரு மொதல்ல வந்தாங்கன்னு?”

“அந்தக் கணக்கே இல்லீங்ண்ணா. நேரத்துக்குள்ள வந்த எல்லாரும் ஒண்ணுதான். பேரைக்கூட அகர வரிசையிலதான் போடுவாங்க.”

அண்ணனுக்கு விளங்கவில்லை. ராத்திரி முழுக்க மிதித்துவிட்டு, முதலில் வந்தவன் யார் என்று யாரும் கேட்காமல் ஒரு ஓட்டமா? தம்பி உத்தரத்தை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்.

“அட, எம்.டி.பி.! நானும் மொதல்ல அந்தப் பந்தயத்துக்குத்தான் போயிட்டிருந்தேனுங்க. இப்பவெல்லாம் வரிசையில நிக்கவே ஆள் தேறறதில்ல.”

தம்பி போய்விட்டார். அந்தப் பேச்சு போகவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மகன் வந்திருந்தான். திருப்பூரில் ஏற்றுமதி கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசர். வரும்போதெல்லாம் அவன் சொல்வது ஒன்றுதான்: “கடையை மூடிட்டு வந்திருங்கப்பா. வாடகைக்கே கட்டுபடியாகலை. கம்பெனில செக்கிங் வேலைக்குச் சொல்லி வைக்கறேன்.” அன்றைக்கு அந்தப் பேச்சை எடுக்குமுன் அப்பா முந்திக்கொண்டார். “கண்ணு, இந்த மலைச் சைக்கிள் பந்தயம் எங்க ஆரம்பிச்சுதுன்னு போன்ல பாரு.”

மகன் தேடித் தேடிப் படித்துச் சொன்னான். 1976-ல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், ஃபேர்ஃபாக்ஸ் என்ற ஊருக்குப் பக்கத்தில், சில நண்பர்கள் மலைப்பாதையில் நேரம் வைத்து இறங்கிப் பார்த்திருக்கிறார்கள். ஓட்டியது முப்பது, நாற்பது வருஷப் பழைய கனத்த சைக்கிள்கள். ஏறக்குறைய 3 கிலோமீட்டர் தூரத்தில் 1,300 அடி இறக்கம். பின்பக்கமாக மிதித்தால் பிடிக்கிற பிரேக் அது. கீழே வருவதற்குள் ஹப்பு கொதித்து, உள்ளே இருக்கும் கிரீஸ் புகைந்து போய்விடும். ஒவ்வொரு முறையும் ஹப்பைப் பிரித்து, புது கிரீஸ் அடைக்க வேண்டும். அதனால் அந்தப் பந்தயத்துக்கே ‘ரீபேக்’ என்று பேர். மறுபடி அடைப்பது என்று அர்த்தம்.

அண்ணன் தன் கையைப் பார்த்துக்கொண்டார். நகக்கண்ணில் அதே கிரீஸ்.

“அப்புறம்?”

அப்புறம் மளமளவென்று வளர்ந்திருக்கிறது. 1990-ல் அமெரிக்காவின் டுராங்கோவில் உலக சாம்பியன்ஷிப். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் முதல் தடவையாக மலைச் சைக்கிள் பந்தயம். ஆண்களில் நெதர்லாந்தின் பார்ட் பிரென்ட்யென்ஸ், பெண்களில் இத்தாலியின் பாவ்லா பெட்சோ தங்கம் வாங்கினார்கள். வாய்க்கால் கரையில் அண்ணன் குடம் வாங்கியது அதற்கு முந்தின வருஷம்!

தொண்ணூறுகளின் கடைசியில் அமெரிக்காவில் ஸ்பான்சர்கள் ஒவ்வொருவராக விலக, பந்தயங்களின் பழைய மவுசு இறங்கியது. ஆனால், மலைச் சைக்கிள் ஓட்டுவதை ஜனங்கள் விட்டுவிடவில்லை. காட்டுப் பாதையில் நண்பர்களோடு ஓட்டினார்கள். நெஞ்சில் எண் கட்டிக்கொண்டு நிற்கிறவர்கள்தான் குறைந்தார்கள். பல வருஷம் இணையத்தில் இலவசமாகப் பார்க்க முடிந்த உலகக் கோப்பைப் பந்தயங்களும் 2023-ல் வேறு நிறுவனத்தின் கைக்குப் போய், கட்டணம் கட்டிப் பார்க்கிற சமாசாரமாகிவிட்டன.

“இங்க பாருங்கப்பா” என்றான் மகன். “2023 அக்டோபர்ல ஆசிய சாம்பியன்ஷிப்பே நம்ம பக்கத்துக் கேரளாவுல நடந்திருக்குது. திருவனந்தபுரம் பொன்முடி மலையில. பாரிஸ் ஒலிம்பிக் வாய்ப்புகூட அதுல இருந்திருக்குது.”

“நமக்குத் தெரியவே இல்லையே கண்ணு!”

உத்தரத்தில் ஒரு எம்.டி.பி.யைத் தொங்கவிட்டிருக்கிற மனுஷனுக்கே தெரியாமல், பக்கத்து மாநிலத்து மலையில் ஆசியாவின் பெரிய பந்தயம் நடந்து முடிந்திருக்கிறது. அன்றைக்கு மகன் கடையை மூடுகிற பேச்சை எடுக்கவில்லை.

கேள்விக்குப் பதில் வேறொரு திசையிலிருந்து வந்தது.

தினமும் காலையில் கம்பெனி வேன் வந்து பெண்களை ஏற்றிக்கொண்டு போகும். அதில் போகும் ஓவர்லாக் டெய்லர் ஒருவர், ஒருநாள் ராத்திரி வேனிலிருந்து இறங்கியதும் கடைக்கு வந்தார். கூடவே பதினொன்றாவது படிக்கும் மகள், பள்ளியில் கொடுத்த சைக்கிளோடு.

“அண்ணா பிறந்தநாள் சைக்கிள் போட்டிக்குப் பேர் குடுத்திருக்கறாளுங்ணா. கொஞ்சம் பார்த்துக் குடுங்க.”

மாவட்டந்தோறும் நடக்கிற போட்டி அது. இந்தியாவில் தயாரான சாதாரண சைக்கிளில்தான் ஓட்ட வேண்டும், கியர் கூடாது. பதினேழு வயதுக்குட்பட்ட பெண்களுக்கு 15 கிலோமீட்டர்.

“ஓவராயிலே பண்ணிர்றேன் அம்மணி. நீங்க கூடப் போறீங்களா?”

“எங்கீங்ணா... சனிக்கிழமை. ஷிப்மென்ட் நேரம், லீவு கேட்டா அடுத்த வாரம் வேலைக்கு வர வேண்டாம்பாங்க.” கொஞ்சம் தயங்கி, அந்தப் பெண் சிரித்தார். “மதகுகிட்ட நீங்க விழுந்து எந்திரிச்சது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்குதுங்ணா. எங்கப்பன் தோள் மேல உக்காந்து பார்த்தேன். அப்ப எனக்கு எட்டு, ஒம்பது வயசு இருக்கும். எல்லாரும் கத்துனாங்க, நானும் கத்துனேன்.”

அண்ணன் கையில் இருந்த ஸ்பேனர் அப்படியே நின்றது. அன்றைக்கு மிதித்தவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர்தான். கரை முழுக்க நின்றது ஊர். அந்த ஊர்தான் இப்போது ஒன்றரை ஷிப்டில் இருக்கிறது. வேன் கிளம்பும்போது விடிந்தும் விடியாமலும் இருக்கும், திரும்பும்போது பிள்ளைகள் தூங்கியிருக்கும். குறைந்து போனது மிதிக்கிறவர்கள் மட்டுமில்லை. நின்று பார்க்கிறவர்களுக்குத்தான் நேரமில்லை.

மறுநாள் ராத்திரி வெகுநேரம் கடையில் லைட் எரிந்தது. இரண்டு ஹப்பையும் பிரித்து, பால்ஸை மண்ணெண்ணெயில் கழுவி, புது கிரீஸ் அடைத்தார். ரிம்மில் பெண்டு எடுத்தார். சீட்டை அந்தப் பிள்ளையின் உயரத்துக்கு ஏற்றிவைத்தார்.

சனிக்கிழமை விடியுமுன், தேங்காய் ஏற்றப் போகும் தெரிந்தவரின் டாடா ஏஸில் சைக்கிள் ஏறியது. பள்ளியின் பி.இ.டி. டீச்சரும் அந்தப் பிள்ளையும் முன்னால் உட்கார, அண்ணன் பின்னால் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். எட்டரை மணிக்கு மகன் போன் செய்தான்.

“என்னப்பா, கடை பூட்டியிருக்குதுன்னு சொல்றாங்க?”

“இன்னிக்கு லீவு கண்ணு.”

“வேலைக்கா? யாருக்காவது உடம்புக்கு...”

“பந்தயம் பார்க்க வந்திருக்கறேன்.”

திரும்பும் முனையில் போய் அவர் நின்றார். அங்கே மற்றபடி ஒரு போலீஸ்காரரும், டீக்கடை வாசலில் இரண்டு பேரும் மட்டும். பெண்கள் வருவது தெரிந்ததும் அவர் தொண்டை கிழியக் கத்தினார். டீக்கடையில் இருந்தவர்கள் முதலில் அவரைப் பார்த்தார்கள், பிறகு ரோட்டைப் பார்த்தார்கள். கடைசியில் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு அவர்களும் கை தட்டினார்கள்.

அந்தப் பிள்ளை ஒன்பதாவது வந்தது. நாலு முதல் பத்து வரை வருகிறவர்களுக்கு 250 ரூபாய்.

மத்தியான சாப்பாட்டு நேரத்தில் அம்மா போன் செய்தார். பின்னால் டிபன் பாக்ஸ்கள் திறக்கும் சத்தம். மகள் இரண்டு வார்த்தை பேசிவிட்டு, வெட்கப்பட்டு போனை அண்ணனிடம் நீட்டினாள். எங்கே வேகம் எடுத்தாள், எந்த மேட்டில் இரண்டு பேரைத் தாண்டினாள் என்று அவர் ஒன்றுவிடாமல் சொல்லிக்கொண்டு வந்தார். நடுவில் அந்தப் பக்கம் சத்தம் அடங்கியது. போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டார்கள்போல.

“அப்புறம் வளைவுல எப்படித் திரும்புனாளுங்ணா?”

அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு, முதலிலிருந்து ஆரம்பித்தார்.