அரிசி மூட்டையில் லேபிள் இல்லை

தஞ்சாவூர்க்காரரிடம் போய் "சோற்றைக் குறைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்வது சாதாரண விஷயமா என்ன? ஜூன் 12-ல் மேட்டூர் திறப்பார்களா, மாட்டார்களா என்பதை வைத்தே வருஷத்தைக் கணக்குப் போடுகிற பூமி அது. குறுவை, சம்பா, தாளடி என்று பருவத்துக்கே நெல்லின் பெயர்தான்!

திருவையாறு பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஒரு விவசாயி. வயது அறுபதை நெருங்குகிறது. சுகர் வந்து ஏழெட்டு வருடம். "மாவுச்சத்தைக் குறைங்க. மாத்திரை மட்டும் போதாது" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சொந்த வயலில் விளைந்த நெல் பத்தாயத்தில் இருக்க, மனிதர் மனதைக் கல்லாக்கிக்கொண்டு ராத்திரிச் சோற்றை நிறுத்தினார். மதியமும் பாதிதான். பசிக்கு என்ன செய்வது? காலையில் பாக்கெட் சத்துமாவுக் கஞ்சி. நாலு மணிக்கு டீயோடு 'சுகர் ஃப்ரீ' ராகி பிஸ்கட் ஆறு. கீழவாசல் கடைத்தெருவில் தேடித்தேடி வாங்கியது.

மூன்று மாதம் கழித்து ரத்தப் பரிசோதனை. மூன்று மாதச் சராசரி இறங்கவில்லை. கொஞ்சம் ஏறியே இருந்தது.

"சோத்தையும் விட்டேன். சுகரும் எறங்கல. இனிமே எதுக்கு இந்தப் பத்தியம்? மாத்திரையும் வேணாம், ஒண்ணும் வேணாம்" என்று உட்கார்ந்துவிட்டார். இதுதான் ஆபத்து. நோயைவிட, "என்ன செய்தாலும் பயனில்லை" என்கிற சலிப்பு பெரிய ஆபத்து.

விடுமுறைக்கு வந்த மகள், அலமாரியில் இருந்த பாக்கெட்டுகளைத் திண்ணையில் வரிசையாக வைத்தாள்.

"அப்பா, முன்பக்கத்தப் பாக்காதீங்க. பின்பக்கத்தத் திருப்புங்க."

அந்தப் பின்பக்கத்தில் என்ன இருக்கிறது?

முதலில் 'சுகர் ஃப்ரீ'. நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி, 100 கிராமில் சர்க்கரை அரை கிராமுக்கு மேல் இல்லாவிட்டால் இப்படிப் போட்டுக்கொள்ளலாம். மாவுச்சத்து இல்லை என்று அதற்கு அர்த்தம் கிடையாது! மைதாவில் செய்த பிஸ்கட்டில் 100 கிராமுக்கு 70 கிராம் மாவுச்சத்து இருப்பது சர்வசாதாரணம். ஆறு பிஸ்கட் 60 கிராம் எடை என்று வைத்துக்கொண்டால் 42 கிராம் மாவுச்சத்து. வடித்த சோறு 100 கிராமில் சுமார் 28 கிராம். அப்படியானால் அந்த ஆறு பிஸ்கட், 150 கிராம் சோற்றுக்குச் சமம். ராத்திரி தட்டிலிருந்து எடுத்த சோறு, நாலு மணிக்கு டீயோடு திரும்பி வந்துவிட்டது.

அடுத்தது, சேர்மானப் பட்டியல். எது எடையில் அதிகமோ அது முதலில் வரவேண்டும் என்பது விதி. முன்பக்கத்தில் பெரிதாகக் கேழ்வரகுக் கதிர் படம். பின்பக்கத்தில் முதல் பெயர் 'சுத்திகரிக்கப்பட்ட கோதுமை மாவு', அதாவது மைதா. கேழ்வரகு எத்தனை சதவீதம் என்று அடைப்புக்குறிக்குள் பொடி எழுத்தில் இருக்கும். அந்த எண்ணைப் பார்த்தால் கதை முடிந்தது.

மூன்றாவது, மால்டோடெக்ஸ்ட்ரின். இது ஸ்டார்ச்சை உடைத்துச் செய்கிற பொடி. லேபிளில் 'சர்க்கரை' வரியில் பெரும்பாலும் வராது. ஆனால் ரத்தத்தில் சர்க்கரையை வேகமாக ஏற்றும். அதனால் 'சர்க்கரை' வரியை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். 'மொத்த மாவுச்சத்து' வரியைப் பார்க்க வேண்டும். நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி, பேரீச்சம்பழப் பாகு எல்லாமும் உடம்புக்குச் சர்க்கரைதான். பெயர்தான் வேறு.

நான்காவது, அளவு. 'ஒரு பரிமாறலுக்கு' என்று இரண்டு பிஸ்கட்டுக்குக் கணக்குச் சொல்லியிருப்பார்கள். இரண்டோடு நிறுத்துகிறவர் யார்? 100 கிராம் கணக்கைப் பார்த்து, நாம் சாப்பிடும் எடைக்குப் பெருக்கிக்கொள்வதே சரி.

வெளிநாட்டில் இருக்கிற நம்மவர்களுக்கு இன்னொரு குழப்பம் உண்டு. அமெரிக்க லேபிளில் மாவுச்சத்துக் கணக்குக்குள் நார்ச்சத்தும் சேர்ந்திருக்கும். கழித்துக்கொள்ளலாம். லண்டனில் வாங்கும் பாக்கெட்டில் நார்ச்சத்தை ஏற்கெனவே கழித்திருப்பார்கள். அங்கேயும் கழித்தால் கணக்கு தப்பாகிவிடும்.

சரி, கேழ்வரகையே வாங்கி வீட்டில் களி கிண்டினால்? நல்லதுதான். ஆனால் அதிசயம் ஒன்றுமில்லை. 100 கிராம் தீட்டிய பச்சரிசியில் மாவுச்சத்து சுமார் 78 கிராம், கேழ்வரகில் சுமார் 67. நார்ச்சத்துதான் பெரிய வித்தியாசம்: அரிசியில் சுமார் 3 கிராம், கேழ்வரகில் சுமார் 11. சத்துமாவும் அப்படித்தான். பெயர் 'சத்து', உள்ளே பெரும்பகுதி தானிய மாவு.

இது ஒரு வீட்டுப் பிரச்சினை இல்லை. இந்தியாவில் சுமார் 10 கோடி பேருக்கு நீரிழிவு இருப்பதாக ஐசிஎம்ஆர் ஆய்வு 2023-ல் சொன்னது. நாம் சாப்பிடும் சக்தியில் ஏறத்தாழ 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்று அதே ஆய்வின் 2025 கட்டுரை சொல்கிறது.

இதில் டெல்டாவுக்குச் சொந்தமான ஒரு செய்தி உண்டு. 1922-ல் தொடங்கிய ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் தந்த ரகம் ஏடிடி 43. அந்த 'ஏடிடி' ஆடுதுறையைக் குறிப்பது. இந்த ரகத்தில் மரபு மாற்றத்தைத் தூண்டி, நார்ச்சத்து அதிகமான ஒரு நெல்லை உருவாக்கினார்கள். 2016-ல் வெளியான ஆய்வுப்படி, அந்த அரிசியில் 100 கிராமுக்கு 8 கிராம் நார்ச்சத்து. சர்க்கரையை ஏற்றும் வேகத்தைக் காட்டும் கிளைசீமிக் எண், சாதாரண வெள்ளை அரிசிக்கு 79 என்றால் இதற்கு 61. குறைவுதான், ஆனால் பூஜ்யம் இல்லையே! 'டயபெடிக் ரைஸ்' என்று விற்கிற எதையும் இரண்டு தட்டு சாப்பிட்டால் பலன் போய்விடும்.

அந்த விவசாயி வீட்டில் என்ன ஆயிற்று? பிஸ்கட்டுக்குப் பதில் வேர்க்கடலையும் சுண்டலும் வந்தன. அதுவும் அளவோடு, ஏனென்றால் சுண்டலிலும் மாவுச்சத்து உண்டு. மதியம் ஒரு கரண்டி சோறு, மீதித் தட்டில் கீரை, காய், மீன். மாற்றத்தை டாக்டரிடம் சொல்லிவிட்டே செய்தார்கள். மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் தானாக மாவுச்சத்தை வெட்டினால் சர்க்கரை திடீரென்று கீழே போய் மயக்கம் வரலாம். இதை யாரும் மறக்கக் கூடாது.

"எல்லாத்துக்கும் லேபிள் இருக்கு. நம்ம அரிசிக்கு எங்கம்மா?" என்று கேட்டாராம். மகள் ஒரு தாளில் '100 கிராம் அரிசி, 78 கிராம் மாவுச்சத்து' என்று எழுதி, அரிசி டின்னின் மேல் ஒட்டிவிட்டாள்.

இப்போது அவர் கடைக்குப் போனால் கண்ணாடியை மறப்பதில்லை. கடைக்காரருக்குத்தான் கொஞ்சம் சிரமம். ஒவ்வொரு பாக்கெட்டாகத் திருப்பிப் படித்துவிட்டு, பாதியை அப்படியே திரும்ப வைத்துவிடுகிறார்.