கடன் தீர்ந்த பின்னும் தீராத பெயர்

யாழ்ப்பாணத்தில் இப்போது கமக்காரர், கடைக்காரர், ஆசிரியர் என்ற வேறுபாடின்றி எல்லோர் வாயிலும் புழங்கும் சொல் ஒன்று உண்டு. அது "கிறிப்". இருபது ஆண்டுகளுக்கு முன்னர் குடாநாட்டில் இச்சொல்லை அறிந்திருந்தவர்கள் வங்கி ஊழியர்கள் மட்டுமே எனலாம். இன்றோ கலியாணப் பேச்சில்கூட "பெடியனுக்குக் கிறிப் பிரச்சினை ஏதும் இருக்கோ?" என்று பெண் வீட்டார் விசாரிப்பதாக ஒரு தரகர் என்னிடம் சொன்னார். தரகர்கள் சற்று மிகைப்படுத்துவார்கள் என்பதையும் மனதிற் கொள்க.

கிறிப் என்பது இலங்கைக் கொடுகடன் தகவல் பணியகத்தின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கம். 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்டது. யார், எந்த வங்கியில், எவ்வளவு கடன் பெற்றார், தவணை தவறாமற் கட்டினாரா என்ற விபரங்களை வங்கிகளும் நிதி நிறுவனங்களும் அங்கே அனுப்புகின்றன. புதிதாகக் கடன் கொடுக்குமுன் அங்கிருந்தே அறிக்கை பெறுகின்றன. எமக்கு 1990 என்றால் வேறு நினைவு. அவ்வாண்டு ஜூனில் போர் மீண்டும் மூண்டது. கொழும்பில் கடன் பெற்றோருக்கான பதிவேடு திறக்கப்பட்ட காலத்தில் நாங்கள் ஜாம் போத்தல் விளக்கில் திரி போட்டுக்கொண்டிருந்தோம். அந்தப் பதிவேடு எங்கள் வீடுகளுக்கு வந்துசேர மேலும் இருபது ஆண்டுகள் சென்றன.

2006 ஓகஸ்டில் மூடப்பட்ட ஏ-9 வீதி போர் முடிந்த பின்னர் திறந்தது. அவ்வழியே வந்தவற்றுள் வங்கிகளும் லீசிங் நிறுவனங்களும் முன்னணியில் நின்றன. ஸ்ரான்லி வீதியிலும் ஆஸ்பத்திரி வீதியிலும் கண்ணாடிக் கதவுக் கிளைகள் வரிசையாக முளைத்தன. மோட்டார் சைக்கிளா, முச்சக்கர வண்டியா, உழவு இயந்திரமா, அடையாள அட்டையோடு போனால் ஓட்டிக்கொண்டு வரலாம் என்றார்கள். முப்பது ஆண்டுகள் எதையும் வாங்க முடியாதிருந்த சமூகம் அது. வாங்கியதைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை.

எனக்குத் தெரிந்த தச்சுத் தொழிலாளி ஒருவரும் 2012இல் மரம் ஏற்றவென்று ஒரு பட்டா வாகனத்தை லீசிங்கில் எடுத்தார். வெளிநாட்டு வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: பட்டா என்பது எங்கள் ஊரில் ஓடும் சிறிய லொறி. இரண்டு ஆண்டுகள் தவணை ஒழுங்காகப் போயிற்று. பிறகு மனைவிக்குச் சுகவீனம், வீட்டுத் திட்ட வேலைகளும் குறைந்தன. தவணைகள் தொடர்ந்து தவறின. ஒருநாள் அதிகாலையில் வாகனத்தைத் தூக்கிச் சென்றார்கள். ஏலத்தில் விற்ற பின்னும் பாக்கி இருந்தது. அதன்மேல் வட்டியும் ஏறியது. சுவிஸிலிருந்த தம்பி அனுப்பிய காசோடு 2017இல் சதம் மிச்சமின்றிக் கட்டி முடித்தார். பற்றுச்சீட்டுகளைப் பொலித்தீன் உறையில் போட்டுப் பத்திரப்படுத்தினார்.

2019இல் மரம் சீவும் இயந்திரம் ஒன்று வாங்க வங்கிக்குப் போனபோது கடன் மறுக்கப்பட்டது. "அண்ணை, நான் காசு முழுக்கக் கட்டிட்டன். பிறகேன் என்ரை பேர் அங்கை கிடக்குது?" என்று என்னிடம் வந்து கேட்டார். பத்திரிகைக்காரனுக்கு எல்லாம் தெரியும் என்பது எங்கள் ஊரின் பழைய நம்பிக்கை. அவருக்காகத்தான் நான் இந்த விடயத்தைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

அவர் கேள்வியில் நியாயமிருக்கிறது. எமது வழமையில் கடன் தீர்ந்தால் விடயம் தீர்ந்தது. ஒற்றி வைத்த காணியைப் பணம் கொடுத்து மீட்டால் உறுதி கைக்கு வரும், அதன்பின் பேச்சில்லை. வட்டிக்குப் பதிலாகக் காணியின் பயனை எடுக்கும் இந்த ஒற்றி முறை, ஒல்லாந்தர் 1707இல் தொகுப்பித்த தேசவழமையிலேயே இடம்பெற்றது. நகை ஈடும் அவ்வாறே. கைமாற்றுக்கு எழுத்தே இல்லை. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் பெயர்ந்து, மறு ஆண்டு திரும்பியபோது, கடைகளின் கடன் கொப்பிகள் பல அழிந்துபோயிருந்தன. கொப்பி இல்லை என்று தெரிந்தும், கடைக்காரரைத் தேடிப் போய்ப் பழைய பாக்கியைக் கொடுத்தவர்களை நான் அறிவேன். அவர்களுக்கு எந்தப் பணியகமும் புள்ளி போடவில்லை. ஊர் அறிந்திருந்தது, அவ்வளவுதான். தவறியவனை ஊர் ஏசும். ஆனால் அவன் மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்ததும் ஊருக்குத் தெரியும். கொழும்புப் பதிவேட்டில் தவறிய நாட்களின் எண்ணிக்கைதான் உண்டு. ஏன் தவறியது என்று எழுத அங்கே இடமில்லை.

இதைச் சொன்னதும் பழைய காலமே பொற்காலம் என்று சிலர் புறப்பட்டுவிடுவார்கள். அவர்களோடு நான் உடன்படேன். ஊரின் ஞாபகத்துக்கு முடிவுத் தேதி கிடையாது. பாட்டன் பட்ட கடனைப் பேரனின் முகத்தில் எறிந்த ஊர் இது. இன்ன சாதியானுக்கு இவ்வளவுதான் கொடுக்கலாம் என்ற கணக்கும், ஆண் துணையில்லாத பெண்ணை நம்பிக் கொடுப்பதெப்படி என்ற கேள்வியும் அந்த ஞாபகத்தின் பகுதிகளே. பதிவேட்டுக்குச் சாதி தெரியாது. இதையும் சொல்லாவிட்டால் எழுதுகிறவன் நேர்மையற்றவன்.

பிற நாடுகளிலும் கட்டி முடித்தவுடன் பழைய பதிவு மறைந்துவிடுவதில்லை. லண்டனில் இருப்பவர்கள் அறிவார்கள், அங்கே தவறிய கடனின் குறிப்பு ஆறு ஆண்டுகள் நிற்கும். அமெரிக்காவில் பொதுவாக ஏழு ஆண்டுகள். வங்குரோத்து என்றால் பத்து வரை. ஆகவே எங்கள் தச்சர் அனுபவித்தது இலங்கைக்கே உரிய கொடுமை அன்று. "கறுப்புப் பட்டியல்" என்று ஊரில் சொல்வதும் பிழை. பணியகம் எவரையும் தடைசெய்வதில்லை. விபரத்தை மட்டும் கொடுக்கிறது. மறுப்பது வங்கி. ஆனால் மறுத்த முகாமையாளர் "நாங்கள் என்ன செய்வது, கிறிப்பில் பிரச்சினை" என்று கையை விரித்தால், கேட்டுக்கொண்டு நிற்பவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஒருவர் தன்னுடைய அறிக்கையைத் தானே கேட்டுப் பெறலாம் என்பது குடாநாட்டில் இன்னும் பலருக்குத் தெரியாது. வங்கிக்கூடாகவும் பெறலாம், பணியகத்திடம் நேரடியாகவும் விண்ணப்பிக்கலாம். தச்சரின் அறிக்கையைப் பார்த்தபோதுதான் உண்மை வெளித்தது. அவர் கடன் தீர்ந்ததாக அதில் இல்லை! தாமதக் கட்டணம் என்று ஒரு சிறு தொகை கணக்கில் திறந்தே கிடந்தது. அதன்மேல் நாட்கள் ஏறிக்கொண்டிருந்தன. 2017இல் அவர் வாங்கியவை பற்றுச்சீட்டுகள்தாம். கடன் முற்றாகத் தீர்ந்தது, கணக்கு மூடப்பட்டது என்ற கடிதத்தை எவரும் கொடுக்கவில்லை. கேட்கவேண்டும் என்று அவருக்குத் தெரியவுமில்லை.

பெயரிலும் சிக்கல். தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் ஒருவர் எழுதுவதுபோல் மற்றவர் எழுதுவதில்லை. தகப்பன் பெயர் முன்னா பின்னா என்பதும் ஒவ்வொரு படிவத்திலும் மாறும். போதாததற்கு, 2016இலிருந்து அடையாள அட்டை இலக்கம் ஒன்பது இலக்கமும் எழுத்தும் என்ற பழைய முறையிலிருந்து பன்னிரண்டு இலக்கத்துக்கு மாறியது. ஆகவே தன் பெயரில் உள்ளவை எல்லாம் உண்மையில் தன்னுடையவைதாமா என்று வரிவரியாகப் பார்க்கவேண்டும். அடுத்தவருக்கு இட்ட பிணைக் கையெழுத்தும் அங்கே தெரியும். பத்தாண்டுக்கு முன் சக ஊழியருக்குப் பிணை நின்று மறந்துபோன ஆசிரியர்களும் இதைக் கவனிக்கட்டும்.

பிழை இருந்தால் பணியகம் தானாகத் திருத்திவிட முடியாது. விபரம் கொடுத்த நிறுவனம் திருத்தி அனுப்பவேண்டும். தச்சர் அந்த நிறுவனத்தின் வாசற்படியில் எத்தனை தடவை ஏறி இறங்கினார் என்பதை எழுதினால் பக்கம் போதாது. கடைசியில் எழுத்து மூலம் முறையிட்ட பிறகே வேலை நடந்தது. வாய்ப்பேச்சை நம்பி அலைந்தவை வீணாய்ப் போன மாதங்கள்.

திருத்தியும், பழைய தவறுகள் உடனே மறையவில்லை. நல்ல பதிவு ஒன்று புதிதாகச் சேரவேண்டியிருந்தது. ஊர்ச் சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கத்தில் அவர் இருபது வருடம் ஒரு தவணையும் தவறாதவர். அதில் ஒரு வரிகூட அந்த அறிக்கையில் இல்லை. கூட்டுறவாளர் வீரசிங்கத்தின் பெயரில் நகர நடுவே மண்டபம் வைத்திருக்கும் யாழ்ப்பாணத்தில், கூட்டுறவில் ஈட்டிய நற்பெயர் வங்கிக்குள் செல்லுபடியாகவில்லை என்பது என்னை மிகவும் உறுத்தியது. ஆகவே 2021இல் நிலையான வைப்பாகச் சிறு தொகையைப் போட்டு, அதன்மேலேயே சிறு கடன் எடுத்து, மாதந்தோறும் தவணைத் திகதிக்கு முன்னரே கட்டினார். தன் காசைத் தானே வட்டிக்கு வாங்கும் வேலை இது என்று சிரித்தார். வேறு வழியில்லை.

இந்த இடைவெளியில் வங்கி மறுத்தவர்கள் எங்கே போகிறார்கள் என்பதுதான் என் கவலை. மீற்றர் வட்டிக்காரர் அறிக்கை கேட்பதில்லை. 2018இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களில் நிலுவையானவற்றை அரசு பொறுப்பேற்றுத் தள்ளுபடி செய்தது. வடக்கின் மாவட்டங்களும் அவற்றுள் இருந்தன. நல்ல காரியம். ஆனால் அடுத்த கடனை அப்பெண்கள் யாரிடம் கேட்பது என்பதற்கு அத்திட்டத்தில் விடையிருக்கவில்லை.

நாட்டின் கதையும் இதுவே. 2022 ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்துவதாக இலங்கை அறிவித்தது. தவணை தவறிய நாடு என்ற முத்திரை விழுந்தது. கடன் கொடுத்தோரோடு பேசி, பிணைமுறிகளின் முதலில் ஏறத்தாழ 27 சதவீதத்தைக் கழித்துப் புதிய பத்திரங்கள் மாற்றப்பட்டன. 2024 டிசெம்பரில், அந்த மாற்றம் முடிந்த கையோடு, பிட்ச் நிறுவனம் தரத்தை உயர்த்தியது. உயர்ந்த தரமும் முதலீட்டுக்கு உகந்த நிலைக்கு மிகவும் கீழேதான் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் முதலில் கால்வாசிக்கு மேல் கழித்துக்கொண்ட நாட்டுக்கு இரண்டரை ஆண்டுகளில் அந்த முத்திரை நீங்கத் தொடங்கியது. சதம் மிச்சமின்றிக் கட்டிய தச்சர் ஏழு ஆண்டுகள் கடந்தும் வங்கி வாசலில் நின்றார்.

அவருடைய இரண்டாவது விண்ணப்பம் 2025 தை மாதத்தில் அங்கீகரிக்கப்பட்டது. கேட்டதில் பாதிக்குச் சற்று மேல் கொடுத்தார்கள். இயந்திரம் வந்து பட்டறையில் ஓடுகிறது. மிகுதிக் காசுக்கு மனைவியின் சங்கிலி ஈட்டுக்குப் போனது. இதை எழுதும்வரை அது மீளவில்லை.