ஒரே விமானம், இரண்டு வட்டம்!

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் மாலையானால் வண்டிகளுக்கு வழி இல்லை. சாலை முழுக்க மனிதர்கள்தான். சுண்டல், பலூன், ஐஸ்கிரீம், கடற்காற்று. காந்தி சிலையைக் கடக்கிறவர்கள் எதிர்ப்புறம் இருக்கும் பிரெஞ்சுப் போர் நினைவுச்சின்னத்தையும் ஒரு தடவை திரும்பிப் பார்க்காமல் போவதில்லை. முதல் உலகப் போரில் பிரான்ஸுக்காக உயிர்விட்டவர்களின் நினைவாக 1938-ல் திறக்கப்பட்டது அது. ஜூலை 14 பிரெஞ்சு தேசிய தினம் வந்தால் இங்கே மலர்வளையம் வைப்பார்கள். நீலம், வெள்ளை, சிவப்புக் கொடியும் காவி, வெள்ளை, பச்சைக் கொடியும் பக்கத்துப் பக்கத்தில் பறக்கும்.

இந்த ஊரில் வளரும் பிள்ளைக்கு மூவர்ணம் என்றால் ஒன்றல்ல, இரண்டு!

அந்த இரண்டு மூவர்ணங்களும் ஓர் உள்ளங்கை அளவு விமானத்தில் சந்திக்கும் கதை இது. பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டி, வண்ணம் தீட்டி, அசல் விமானத்தை அப்படியே சின்னதாகச் செய்யும் பொழுதுபோக்குக்கு உலகம் முழுக்க ரசிகர்கள் உண்டு. புதுச்சேரியில் உட்கார்ந்து செய்வதற்கென்றே ஒரு விமானம் இருக்கிறது என்றால், அது 'தூஃபானி'தான்.

புயலின் பெயர் கொண்ட விமானம்

பிரான்ஸின் தஸ்ஸோ நிறுவனம் செய்த இந்த ஜெட் போர் விமானம் முதன்முதலில் பறந்தது 1949 பிப்ரவரி 28-ல். பிரெஞ்சில் இதற்கு 'ஊரகான்' என்று பெயர். சூறாவளி என்று அர்த்தம். 1953-ல் இந்தியா 71 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது. பிரெஞ்சு ஜெட் போர் விமானத்தை வாங்கிய முதல் வெளிநாடு இந்தியாதான். அதே ஆண்டு அக்டோபரில் முதல் விமானங்கள் டெல்லி பாலம் விமானதளத்தில் வந்து இறங்கின. ஊரகான் இங்கே 'தூஃபானி' ஆனது. பெயர் மாறியது, அர்த்தம் மாறவில்லை. தானே புயலையும் ஃபெஞ்சலையும் பார்த்த புதுச்சேரிக்காரர்களுக்கு அந்த அர்த்தத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

தேதியைக் கொஞ்சம் கவனியுங்கள். டெல்லியில் பிரெஞ்சு விமானங்கள் இறங்கிக்கொண்டிருந்த அந்த நாளில், புதுச்சேரியில் இன்னும் பிரெஞ்சுக் கொடிதான் பறந்தது. மறு ஆண்டு, 1954 அக்டோபர் 18-ல், வில்லியனூருக்கு அப்பால் உள்ள கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு இணையலாம் என்றார்கள், 8 பேர் வேண்டாம் என்றார்கள். நவம்பர் 1-ல் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16-ல் நடந்தது.

ஆறடி ஆள் ஓர் அங்குலம்

குட்டி விமான உலகில் அதிகம் புழங்கும் அளவு 1/72. அசலை 72-ஆல் வகுத்தால் வரும் அளவு. ஆறடி உயர விமானி இதில் சரியாக ஓர் அங்குலம் இருப்பார். பிரிட்டனில் 1936-ல் 'ஃப்ராக் பெங்குவின்' என்ற பெயரில் பிளாஸ்டிக் கிட்டுகள் இந்த அளவில்தான் வந்தன. இரண்டாம் உலகப் போரில் வானத்தில் வருவது நம் விமானமா, எதிரி விமானமா என்று கண்டுபிடிக்கப் பயிற்சி தருவதற்காக, அமெரிக்கப் பள்ளி மாணவர்கள் இதே அளவில் லட்சக்கணக்கில் மர விமானங்களைச் செதுக்கிக் கொடுத்தார்கள்.

தூஃபானியின் இறக்கைகளின் மொத்த அகலம் 13.16 மீட்டர். 1/72-ல் அது 18 சென்டிமீட்டர் சொச்சம். நீளம் 15 சென்டிமீட்டர். ஒரு சாப்பாட்டுத் தட்டில் வைத்துவிடலாம்.

பெட்டியைத் திறந்தால் விமானம் இருக்காது. பிளாஸ்டிக் சட்டங்களில் காய் காய்த்ததுபோலத் துண்டுகள் தொங்கும். முதலில் அந்தச் சட்டங்களைப் பாத்திரம் கழுவும் சோப்பு நீரில் கழுவிக் காயவைக்க வேண்டும். அச்சிலிருந்து ஒட்டிக்கொண்ட எண்ணெய்ப்பசை போனால்தான் வண்ணம் பிடிக்கும். துண்டுகளைக் கையால் முறிக்கக் கூடாது, கட்டரால் வெட்ட வேண்டும். ஒட்டுவதற்கு முன் ஒருமுறை பொருத்திப் பார்க்க வேண்டும். விமானி அறைக்கு முதலிலேயே வண்ணம் தீட்ட வேண்டும். உடலை மூடிவிட்டால் பிரஷ் உள்ளே போகாது.

தூஃபானிக்கு மூக்கில் ஒரு சக்கரம், இறக்கைக்குக் கீழே இரண்டு. பின்பாரம் அதிகமானால் மூக்கைத் தூக்கிக்கொண்டு வால் தரையில் உட்கார்ந்துவிடும். அதனால் உடலின் முன்பக்கம் பாரம் வைத்து மூடுவார்கள். தூண்டிலில் கட்டும் ஈயக் குண்டு இதற்குப் போதும். மீனவக் கிராமங்கள் சூழ்ந்த ஊரில் அதைத் தேடி அலைய வேண்டியதில்லை.

இரண்டு பாதிகளை ஒட்டியதும் நடுவில் ஒரு கோடு தெரியும். அதில் பட்டி வைத்து, காயவிட்டு, வாட்டர் பேப்பரை நனைத்துத் தேய்க்க வேண்டும். காருக்கு டிங்கரிங் செய்கிறவர்கள் செய்யும் அதே வேலைதான். விரல் நகத்தை ஓட்டினால் தட்டக் கூடாது. இங்கே அவசரப்பட்டால் பிறகு தப்பிக்க முடியாது. ஏனென்றால் தூஃபானி பெரும்பாலும் வெள்ளி நிறத்தில் பறந்த விமானம். வெள்ளி வண்ணம் எதையும் மறைக்காது, ஒரு கீறலைக்கூடக் காட்டிக்கொடுத்துவிடும்.

வண்ணம் மெல்லிசாகவும் இருக்க வேண்டும். 0.1 மில்லிமீட்டர் தடிமனில் பூசினால், அசல் விமானத்தில் 7 மில்லிமீட்டருக்கு மேல் பூசிய கணக்கு!

கடற்காற்று என்ற வில்லன்

புதுச்சேரியில் இந்த வேலைக்குப் பெரிய சோதனை கடற்காற்றின் ஈரம். ஸ்பிரே செய்த லேக்கர் வண்ணம் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்துவிடும். காற்றில் ஈரம் அதிகம் இருந்தால் அது வண்ணத்தின் மேல் படிந்து பால் போல வெளுத்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் ஸ்பிரே கேனைத் தொடாமல் இருப்பதே நல்லது. ஆனி, ஆடியில் மேல்காற்று வறண்டு வீசும். முற்பகல் வெயிலில், கடற்காற்று எழுவதற்குள் பூசினால் நன்றாகக் காயும். ஆனால் அம்மியையே பறக்கவைக்கிற ஆடிக்காற்று தூசியைச் சும்மா விடுமா? ஈர வண்ணத்தில் தூசி ஒட்டாமல் இருக்க, பூசியதும் ஒரு அட்டைப் பெட்டியைக் கவிழ்த்து மூடிவிட வேண்டும். நாற்றம் தலைக்கு ஏறாமல் இருக்க மொட்டைமாடியே சரியான இடம். முகக்கவசம் கட்டாயம். பிள்ளைகள் செய்தால் பிளேடும் ஸ்பிரேயும் பெரியவர் கையில் இருக்கட்டும்.

திருக்கனூருக்கு இது புதிதல்ல

'இதெல்லாம் வெளிநாட்டுக்காரன் பொழுதுபோக்கு' என்று நினைப்பவர்கள், நகரத்திலிருந்து மேற்கே திருக்கனூர் வரை ஒரு நடை போய்வரலாம். காகிதக்கூழ் பொம்மைகளுக்குப் பெயர்பெற்ற ஊர் அது. இந்தக் கலைக்குப் புவிசார் குறியீடு உண்டு. இதை உலகம் அழைக்கும் 'பப்பியே மாஷே' என்ற பெயரும் பிரெஞ்சுதான். மென்ற காகிதம் என்று பொருள்.

காகிதக்கூழ் பொம்மையையும் அச்சில் இரண்டு பாதியாக எடுத்துத்தான் காயவைப்பார்கள். பிறகு ஒட்டுவது, இணைப்பை மறைப்பது, தேய்ப்பது, வெள்ளை பூசுவது, அப்புறம் வண்ணம். பிளாஸ்டிக் விமானத்துக்கும் இதே வரிசைதான். கடைசியில் பொம்மைக்குக் கண் திறப்பார்கள். அதுவரை காகிதமாக இருந்தது அந்த நிமிடத்தில் ஆளாகிவிடும்.

வழியில் உள்ள வில்லியனூரின் சுடுமண் கலைக்கும் புவிசார் குறியீடு உண்டு. அந்த ஊர்க் கலைஞர் வி.கே.முனுசாமி 2020-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார். பெரியதைச் சின்னதாகச் செய்து பார்க்கும் ஆசை இந்த மண்ணில் ஊறியது. நவராத்திரி கொலுவில் படிகளுக்குப் பக்கத்தில் பிள்ளைகள் போடும் பார்க்கை நினைத்துப் பாருங்கள். மலை, குளம், ரயில், கூடவே ஒரு விமான நிலையமும் இருக்கும். ஆடியில் ஆரம்பித்தால், வார இறுதிகளில் மட்டும் உட்கார்ந்தாலும் நவராத்திரிக்குள் தூஃபானி அங்கே இறங்கிவிடும்.

எந்த வட்டம்?

விமானத்துக்கும் ஒரு கண் திறப்பு உண்டு. இறக்கையிலும் உடலிலும் ஒட்டும் நாட்டுச் சின்னம்தான் அது. பிரெஞ்சு வட்டத்தில் வெளியே சிவப்பு, நடுவில் வெள்ளை, மையத்தில் நீலம். இந்திய வட்டத்தில் வெளியே காவி, நடுவில் வெள்ளை, மையத்தில் பச்சை. அதே உடல், அதே இறக்கை, அதே வெள்ளி நிறம். சிவப்பு வட்டம் ஒட்டினால் ஊரகான். காவி வட்டம் ஒட்டினால் தூஃபானி.

மற்ற ஊர்களில் இது ரசனை சார்ந்த விஷயம். புதுச்சேரியில் இது வீட்டுக் கதை. 1962 இணைப்பின்போது, இங்கே பிறந்து வாழ்ந்த பிரெஞ்சுக் குடிமக்கள் பிரெஞ்சுக் குடியுரிமையிலேயே தொடர விரும்பினால் ஆறு மாதங்களுக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். கொடுத்தவர்கள் பிரெஞ்சுக்காரர்களாகவே இருந்தார்கள். கொடுக்காதவர்கள் இந்தியர் ஆனார்கள். ஒரே குடும்பத்தில் அண்ணன் ஒரு நாடு, தம்பி ஒரு நாடு என்று ஆன வீடுகள் உண்டு. பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்துப் பென்ஷன் வாங்குபவர்களை ஊர் இன்றைக்கும் 'சொல்தா' என்றுதான் சொல்கிறது. சிப்பாய் என்பதற்கான பிரெஞ்சுச் சொல் அது.

ஒரு சொல்தா வீட்டுப் பேரன் இந்த விமானத்தைச் செய்தால், கடைசி நாளில் தாத்தாவிடம் கேட்காமல் இருக்க முடியாது. 'எந்த வட்டம் ஒட்டட்டும் தாத்தா?' அந்த ஒரு கேள்விக்குப் பதிலாக ஒரு குடும்பத்தின் கதை முழுவதும் வெளியே வரலாம். பள்ளிப் புத்தகத்தில் இல்லாத கதை அது. கேட்க ஆள் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டிய கதையும்கூட.

ஒட்டும் முறை எளிது. சின்னம் அச்சிட்ட தாளை வெட்டி, அரை நிமிடம் தண்ணீரில் போட்டு எடுக்க வேண்டும். விரலால் மெல்லத் தள்ளினால் வட்டம் நழுவி இறக்கைமேல் வந்து உட்காரும். ஈரம் இருக்கும்வரை அங்கே இங்கே நகர்த்திச் சரிசெய்யலாம். காய்ந்துவிட்டால் அவ்வளவுதான், அதன்பிறகு அது விமானத்தின் தோல்.